கிழிசலில் ஒரு முடிச்சு

மேசை மேல் டெலிபோன் அலறியதும் நான் பாதி எழுந்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள் ஐயா. ஓடிப்போகும் எண்ணமெல்லாம் இல்லை. அந்தக் காவலர் கதவுப் பக்கம் போய் நிற்க வேண்டியதும் இல்லை. எந்த மணி அடித்தாலும் என் கால்கள் என்னைக் கேட்காமலேயே எழுந்துவிடும். பதினொரு வருஷப் பழக்கம். நீங்கள் பேசி முடியுங்கள், நான் உட்கார்ந்துகொள்கிறேன்.

எழுதிக்கொள்ளும் தம்பி அவசரப்பட வேண்டாம். நான் மெதுவாகவே சொல்கிறேன். மறைக்க ஒன்றும் இல்லை. மறைப்பதற்கும் தெம்பு வேண்டும், அது என்னிடம் இல்லை.

என் கடையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். முன்பக்கம் இரண்டு தையல் மெஷின், துணி வெட்டும் மேசை, ஆள் உயரக் கண்ணாடி, வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. நடுவில் ஒரு திரை. திரைக்குப் பின்னால் அம்மாவின் கட்டில். குளியலறையில் வழுக்கி விழுந்த நாளிலிருந்து அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. தலைமாட்டில் ஒரு சின்னப் பித்தளை மணி வைத்தோம். தண்ணீர் வேண்டுமென்றால் ஒரு தடவை. புரட்டிப் படுக்கவைக்க இரண்டு தடவை. அவசரமென்றால் மூன்று தடவை. நல்ல ஏற்பாடு. என் தம்பி செய்தது. செய்துவிட்டு எட்டாவது மாதம் அவன் துறவியாகப் போய்விட்டான்.

அவனைக் குறை சொல்லவில்லை. அதுவரை ஒரு நாள் அவன், ஒரு நாள் நான் என்று முறை வைத்துத்தான் பார்த்தோம். என்னைவிட அவனுக்குக் கை பதமாக இருக்கும். ஒருநாள் வந்து நின்று, "அண்ணா, நான் மடத்துக்குப் போகட்டுமா?" என்றான். நான் ஒரு சட்டைக்குப் பட்டன் கட்டிக்கொண்டிருந்தேன். நிமிராமலேயே "போ" என்றேன். அவ்வளவுதான். எங்கள் வீட்டில் யாரும் சத்தம் போட்டுப் பேசும் வழக்கமில்லை.

புதிதாகச் சேருகிறவருக்கு அங்கியை அவர் வீட்டார்தான் தைத்துத் தர வேண்டும் என்பது அந்த மடத்தின் விதி. கரும்பழுப்புக் கம்பளித் துணி, தலையை மூட முக்காடு, இடுப்புக்கு முறுக்கிய கயிறு. நான் அவனுக்கு இரண்டு அங்கி தைத்தேன். கயிறு மூன்று முறுக்கினேன். ஒன்று சற்றுத் தடித்துப்போனதால் கொடுக்கவில்லை. மீந்த துணியையும் அந்தக் கயிற்றையும் பெட்டிக்கு அடியில் போட்டேன். தையல்காரன் எதையும் எறிய மாட்டான்.

கிளம்புகிற அன்று அவன் என் மெஷின் மேல் ஓர் அஞ்சலட்டையை வைத்தான். மடத்து விலாசம் மட்டும் எழுதியிருந்தது, மறுபக்கம் வெறுமையாக இருந்தது. எதற்கென்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த மெஷினுக்கு ஒரு கால் குட்டை, தைக்கும்போது கடகடவென்று ஆடும். அட்டையை நாலாக மடித்து அந்தக் காலுக்குக் கீழே வைத்தேன். அதற்கப்புறம் மெஷின் ஆடவில்லை.

மடம் மலைமேல் இருக்கிறது. என் கடை வாசலிலிருந்து பார்த்தால் மதில் தெரியும். உள்ளே இருப்பவர்கள் பேசுவதில்லை, வெளியே வருவதில்லை. மெழுகுவர்த்தியும் தேனும் விற்பார்கள், அதையும் மதிலில் இருக்கும் சுழலும் மரப்பெட்டி வழியாக. முகத்தைப் பார்க்க முடியாது. மாலையில் விளக்கேற்றும் நேரத்துக்கு மணி அடிக்கும். அதிலும் ஒரு வழக்கம் உண்டு. தம்பி போவதற்கு முன் சொல்லியிருந்தான். ஒவ்வொருவரும் வரிசையாக வந்து தன் கையால் கயிற்றை ஒரே ஒரு தடவை இழுக்க வேண்டும். மூத்தவர் முதலில், கடைசியாகச் சேர்ந்தவர் கடைசியில். பத்தொன்பது பேர், பத்தொன்பது மணி. உடம்பு முடியாமல் படுத்துவிட்டவருக்கு அன்று மணி கிடையாது. அவருக்காக வேறு யாரும் இழுக்க மாட்டார்கள். தம்பிக்குப் பிறகு அங்கே ஒருவரும் சேரவில்லை. ஆகவே கடைசி மணி எப்போதும் அவனுடையது.

அம்மா அதற்காகக் காத்திருப்பாள். பதினெட்டு வரைக்கும் கண்ணை மூடி உதட்டுக்குள் எண்ணுவாள். பத்தொன்பதாவது விழுந்ததும் முகம் மலர்ந்துபோகும். "சின்னவன் அடிச்சிட்டான்" என்பாள். பெரும்பாலும் அந்த நேரத்தில் நான் அவள் முதுகுப் புண்ணைக் கழுவிக்கொண்டிருப்பேன். இதை வேறு மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு தகவலாகச் சொல்கிறேன்.

களைப்பு என்ற சொல்லை எல்லோரும் சொல்கிறார்கள். நாள் முழுக்க நின்றால் கால் வலிக்கும், அது களைப்பு இல்லை. ஒரு தடவை மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே தூங்கி என் ஆள்காட்டி விரலைத் தைத்துவிட்டேன். ஊசி நகத்தைத் துளைத்துக்கொண்டு போயிருந்தது. அப்போது எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? விரலை எடுக்காமல் அப்படியே இன்னும் ஐந்து நிமிஷம் தூங்கலாமே என்று. அதுதான் களைப்பு. எனக்குப் பேசிய சம்பந்தம்கூட இரண்டு தடவை அந்தப் பித்தளை மணியால்தான் கலைந்தது. வந்தவர்கள் உட்கார்ந்த பத்து நிமிஷத்தில் அம்மா நாலு தடவை அடித்தாள். அவர்களும் மணி அடித்த பள்ளிப் பிள்ளைகள் மாதிரி எழுந்து போய்விட்டார்கள்.

எங்கள் துப்பறியும் கூட்டத்தைப் பற்றிக் கேட்டீர்கள். கூட்டம் என்றால் மூன்றே பேர். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர். ஊர் நூலகத்தைக் கவனித்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர். அவரை எல்லோரும் நூலகத்தம்மா என்றே கூப்பிடுவோம். நான் அவர்களோடு சேர்ந்ததற்குக் காரணம் என் கடையில் பெஞ்சு இருந்தது என்பதுதான். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் வந்து உட்காருவார்கள். நூலகத்தம்மா நாற்பது வருஷம் துப்பறியும் கதைகளாகவே படித்தவர். எங்கள் தெருவில் செருப்புகள் காணாமல் போன மர்மத்தை மூன்று வாரம் உழைத்துக் கண்டுபிடித்தார். பக்கத்துத் தெரு நாய். கண்டக்டர் அந்த நாய்க்கு ஆயுள் தண்டனை விதித்துத் தன் வீட்டிலேயே கட்டிப்போட்டு வளர்த்தார். அந்த மாதிரிக் கூட்டம். யாருக்கும் கெடுதல் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் குளிர்காலத்தில் விஷக்காய்ச்சல் வந்ததல்லவா, அப்போதுதான் ஆரம்பித்தது. மலையில் மணி ஒருநாள் பதினெட்டு அடித்தது. அடுத்த வாரம் பதினேழு. பிறகு பதினாறு. கண்டக்டர் தன் பாட்டுக்கு எண்ணுகிறவர். தூக்கத்தில்கூட எண்ணுவாராம், அவர் மனைவி சொல்லியிருக்கிறார்.

"முப்பத்தஞ்சு வருஷம் தலை எண்ணியே வயித்தக் கழுவினவன் மாஸ்டரே நான்," என்றார். "எண்ணிக்கையில எனக்குத் தப்பு வராது. மூணு தலை குறையுது. எங்க போச்சு?"

எனக்குப் பதில் தெரியும். தம்பியும் படுத்திருப்பான், பத்தொன்பதாவது மணி விழவில்லை என்று அம்மா ஒரு வாரம் வாயில் ரொட்டி வைக்கவில்லை. அந்த வாரம் எனக்கும் நூற்றுமூன்று டிகிரி காய்ச்சல். அம்மா கவனிக்கவில்லை, பாவம், அவள் கவலை அவளுக்கு. கண்டக்டரிடம் "காய்ச்சல்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். நான் ஊசியில் நூலைக் கோத்தபடியே, "உள்ளே போனவங்க யாரும் வெளியே வந்து நான் பார்த்ததில்லை சார்" என்றேன். யோசித்துப் பார்த்தால் அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மூன்று மாதத்தில் மடம் வேறு மடமாகிவிட்டது. துறவிகளுக்குள் ஓர் இரகசியக் கூட்டம் இருக்கிறது, சீட்டுப் போட்டுக் குலுக்கி ஒவ்வொருவராகப் பலி கொடுக்கிறார்கள், மாதம் ஒரு தடவை மூடிக்கொண்டு போகும் வண்டியில் பிணம் போகிறது என்றெல்லாம் பேச்சு. வண்டியில் போவது பழைய தேன்மெழுகு. பேசாத மனுஷனைப் பற்றி எதைப் பேசினாலும் அவன் மறுக்கப் போவதில்லை, அந்த வசதி வேறு. நூலகத்தம்மா எல்லாவற்றையும் நூலக அட்டைகளில் தேதி போட்டு எழுதி ஒரு மரப்பெட்டியில் அடுக்கினார். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத அட்டைகளையும் வரிசையாக அடுக்கினால் ஒரு புத்தகம் மாதிரித்தான் தெரியும். நான் வாரம் ஒரு அட்டைக்கு விஷயம் கொடுத்தேன். ஒருநாள் சுவருக்குப் பின்னால் அழுகைச் சத்தம் கேட்டேன் என்றேன். ஒருநாள் புதிதாகத் தோண்டிய மண் பார்த்தேன் என்றேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். மடத்தை மூடினால் தம்பி வீட்டுக்கு வருவான். வந்தால் அம்மாவைப் பார்த்துக்கொள்வான். நான் ஒன்பது வருஷம் பார்த்தாகிவிட்டது, இனி அவன் முறை. நான் தூங்க வேண்டும். இவ்வளவுதான் காரணம், இதற்கு மேல் ஒன்றும் கிடையாது. எழுதுகிற தம்பி, இதை வேண்டுமானால் அடிக்கோடு போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் பேச்சு மட்டும் மதிலை இடிக்காது. கையில் பிடித்துக் காட்ட ஒரு பொருள் வேண்டும். பெட்டிக்கு அடியில் கிடந்த அங்கித் துணியை எடுத்தேன். விளிம்பு மடித்துத் தைத்திருந்த ஒரு பக்கத்திலிருந்து உள்ளங்கை அகலத்துக்குக் கிழித்தேன். விரலை ஊசியால் குத்தி நாலு சொட்டு இரத்தம் விட்டேன். என் விரலுக்கு அது புதிதில்லை. மலைக்குப் பின்பக்கம் போகும் ஒற்றையடிப் பாதையில், முள்வேலியில் அதை மாட்டிவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் அந்தப் பக்கம் நடக்கப் போனோம். கண்டக்டர் கண்ணில் பட்டது. அவர் அதைக் கைக்குட்டையில் பொதிந்து நூலகத்தம்மாவிடம் கொடுத்ததைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

உங்களுக்கு முன்னால் இங்கே இருந்த அதிகாரி நல்ல மனிதர். நாங்கள் விண்ணப்பம் எழுதிக்கொண்டு போனதும் கண்டக்டரையும் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு மலைக்குப் போனார். அதற்குள் காய்ச்சலில் கிடந்த கடைசி ஆளும் எழுந்துவிட்டிருந்தார். மடத்துப் பெரியவர் கதவைத் திறந்துவிட்டு எல்லோரையும் முற்றத்தில் வரிசையாக நிறுத்தினாராம். கண்டக்டர் முன்னாலிருந்து இரண்டு தடவை, பின்னாலிருந்து ஒரு தடவை எண்ணிவிட்டு வந்தார். பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"பஸ் ஃபுல்லு மாஸ்டரே," என்றார். "ஒரு சீட்டுகூடக் காலி இல்ல. நம்ம மூஞ்சியிலதான் கரி."

நூலகத்தம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று மாலை பத்தொன்பதாவது மணி விழுந்தபோது அம்மாவும் சிரித்தாள்.

கண்டக்டர் அதோடு விட்டுவிட்டார். நூலகத்தம்மா விடவில்லை. திருப்பித் தராத புத்தகத்தை அவர் எந்தக் காலத்திலும் மறந்ததில்லை என்று ஊரில் சொல்வார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் சும்மா இருந்துவிட்டு, போன மாதம் ஒரு புதன்கிழமை சாயங்காலம் தனியாகக் கடைக்கு வந்தார். குளிருக்கு ஒரு கோட்டுத் தைக்கக் கொடுத்திருந்தார், அதை வாங்க வந்ததாகத்தான் நினைத்தேன். அவர் வாடிக்கையாளர் பெஞ்சில் உட்காராமல் என் மெஷினுக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். அதில் அந்தத் துணித் துண்டு ஒட்டியிருந்தது.

"எல்லாரும் நல்லா இருக்காங்கன்னா, இந்தத் துணி யாரோடது மாஸ்டர்?"

"முள்ளுல மாட்டிக் கிழிஞ்சிருக்கும்மா."

"நானும் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன். நேத்து கண்ணாடி மாத்தினேன். புதுக் கண்ணாடியில இது தெரிஞ்சுது."

விரல் நுனியால் காட்டினார். கிழிந்த இடத்தில் விளிம்புத் தையலின் நூல் இரண்டு முனையும் தொங்கியிருக்க வேண்டும். தொங்கவில்லை. இரண்டையும் சேர்த்து ஒரு சின்ன முடிச்சுப் போட்டு, மீதியை ஒட்ட நறுக்கியிருந்தது. தையல் பிரியாமல் இருக்க எந்தத் துண்டுத் துணியிலும் நான் போடுகிற முடிச்சு. முப்பது வருஷமாகப் போடுகிற முடிச்சு. எப்போது போட்டேன் என்று எனக்கு நினைவே இல்லை. கை பாட்டுக்குப் போட்டிருக்கிறது.

"முள்ளு முடிச்சுப் போடுமா மாஸ்டர்?" என்றார்.

குரலில் ஒரு குத்தலும் இல்லை. அவர் அட்டையைக் கைப்பையில் வைத்துக்கொண்டார். இதை யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன் என்றார். என் கண்ணுக்குக் கீழே இருக்கும் கருப்பைப் பார்த்தபடி, தூங்கி எத்தனை நாளாயிற்று என்று கேட்டார். பிறகு அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

"இவ்ளோ சுத்தி வளைக்கணுமா? நாளைக்கு நான் மலைக்குப் போறேன். மரப்பெட்டியில ஒரு சீட்டு எழுதி வைக்கிறேன். உங்க அண்ணனுக்கு முடியலை, வாப்பான்னு. கூப்பிட்டா வராமலா இருப்பாரு?"

நியாயமான யோசனைதான். ஆனால் அதில் எத்தனை சிக்கல் பாருங்கள். அவர் மலைக்குப் போனால் துணி விஷயம் எப்படியும் வெளியே வரும். ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்கும். அப்புறம் மடத்தை மூடுகிற பேச்சுக்கே இடமில்லை. நிதானமாக யோசித்துத்தான் முடிவு செய்தேன். கோபமெல்லாம் இல்லை. அவர்மேல் எனக்கு எப்போதும் மரியாதை உண்டு.

"கோட்டு ரெடியா இருக்கும்மா. காலர் மட்டும் ஒரு தடவை பாத்துடலாம்" என்றேன்.

கோட்டை எடுக்கப் போனபோது பெட்டிக்கு அடியிலிருந்து கயிற்றையும் எடுத்தேன். அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். "கொஞ்சம் முகவாயைத் தூக்குங்கம்மா" என்றேன், தூக்கினார். கழுத்தளவு பதின்மூன்றரை அங்குலம். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பயம் இருந்ததாக நான் சொல்ல மாட்டேன். என்ன மாஸ்டர், அளவு தப்பா எடுக்கிறீங்களே என்பது மாதிரி இருந்தது.

அந்தச் சமயம் பார்த்துத் திரைக்குப் பின்னால் பித்தளை மணி அடித்தது. மூன்று தடவை. "வரேம்மா" என்றேன். மறுபடி மூன்று தடவை. மலையிலும் மணி அடிக்க ஆரம்பித்தது. அம்மா அழைத்தும் நான் உடனே போகாமல் இருந்தது அந்தப் பதினொரு வருஷத்தில் அன்று ஒருநாள்தான். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

போய்ப் பார்த்தால் படுக்கை நனைந்திருந்தது. துணி மாற்றினேன்.

"யாருடா வந்தது?" என்றாள் அம்மா.

"கோட்டு வாங்க வந்தாங்கம்மா."

"போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க."

"பேச்சுச் சத்தத்துல சின்னவன் மணியே காதுல விழலை," என்று குறைப்பட்டுக்கொண்டாள். அடித்துவிட்டான் என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன். நானும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

வியாழக்கிழமை தோறும் காலையில் தைத்த துணிகளை மூட்டையாகக் கட்டித் தள்ளுவண்டியில் கொண்டுபோய்க் கொடுப்பது என் வழக்கம். ஊருக்கே தெரியும். யாரும் நிறுத்தவில்லை, பால்காரர் மட்டும், "என்ன மாஸ்டர், இன்னைக்கு மூட்டை பெருசா இருக்கு?" என்று கேட்டார். "குளிர்காலம் வருதுல்ல" என்றேன். மடத்து மதிலோரம் மரப்பெட்டிக்குக் கீழே அவரை வைத்தேன். கைப்பையைப் பக்கத்தில் வைத்தேன். அதிலிருந்த அட்டையை மட்டும் எடுத்து அன்று மாலையே அடுப்பில் போட்டேன். கோட்டு அவருக்கு நன்றாகப் பொருந்தியிருந்தது. அதை அவர் ஒரு தடவைகூடச் சரியாகப் போட்டுப் பார்க்கவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

மீதியெல்லாம் உங்களுக்குத் தெரியும். கழுத்தில் இருந்த கயிறு மடத்தைத் தவிர வேறு எங்கும் கிடையாது. ஊர் திரண்டு மலை ஏறியது. துறவிகள் வாய் திறக்கவில்லை. திறக்காதது குற்றத்துக்குச் சாட்சியாகிவிட்டது. பெரியவரைப் பிடித்துவந்து அடைத்தீர்கள். மற்றவர்களை அவரவர் வீட்டுக்கு அனுப்பினீர்கள். நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பெரியவருக்கு முழங்காலில் வாதம் இருக்கிறது என்று தம்பி சொன்னான். தரையில் படுக்கவைக்காதீர்கள், விடுகிற வரைக்குமாவது ஒரு பாய்க்கு மேல் கம்பளி போடுங்கள்.

தம்பி ஒரு துணிப்பையோடு வந்தான். தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. வாசலில் நின்று, "அண்ணா, நீங்க போய்த் தூங்குங்க" என்றான். பதினோரு வருஷத்தில் எனக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை. போய்ப் படுத்தேன். இரண்டு நாள் தூங்கினேன்.

மூன்றாவது நாளிலிருந்து தூக்கம் வரவில்லை. மணி அடிக்கவில்லை, அதுதான் காரணம். திரைக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. அம்மா வாய்விட்டுச் சிரிப்பாள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. எழுந்து போய்ப் பார்த்தேன். தலைமாட்டில் மணியைக் காணோம், அலமாரியில் இருந்தது. கேட்டதற்கு, "அது எதுக்குண்ணா? மூச்சு மாறினாலே எனக்குத் தெரியுது" என்றான். முதுகுப் புண் ஒரே வாரத்தில் ஆற ஆரம்பித்தது. என்ன மருந்து போட்டான் என்று பார்த்தேன், நான் போட்ட அதே மருந்துதான். "பெரியவன் கை முரடு," என்று அம்மா அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளும் பொய் சொல்கிறவள் இல்லை.

நல்லதுதானே. நான் விரும்பியது அதுதானே. எனக்குச் சந்தோஷம்தான்.

கண்டக்டர் வந்தது முந்தாநாள். நூலகத்தம்மா போனபிறகு அவர் பாதியாகிவிட்டார். அந்த அம்மாவின் மரப்பெட்டியை அவர் எடுத்துவைத்துக்கொண்டு அட்டைகளை ஒவ்வொன்றாகப் படித்திருக்கிறார். ஒரு புத்தகத்துக்கு எப்போதும் இரண்டு அட்டை எழுதுவது நூலக வழக்கமாம், ஒன்று தொலைந்தால் ஒன்று இருக்கட்டும் என்று. எனக்கு அது தெரியாது. நான் அடுப்பில் போட்டதற்கு ஜோடி அட்டை பெட்டியில் இருந்தது. அதில் துணித் துண்டின் படத்தைப் பென்சிலில் வரைந்து, முடிச்சுக்கு ஓர் அம்புக்குறி போட்டு, கீழே எழுதியிருந்தார்: 'கிழிசலில் முடிச்சு. மாஸ்டர் கை. புதன்கிழமை போய்ப் பேச வேண்டும். பாவம், அவருக்குத் தூக்கம் வேண்டும்.'

கண்டக்டர் அதை என் மேசைமேல் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. மெஷினைப் பார்த்தபடியே சொன்னார்.

"நாலு தெரு தள்ளிப் போலீஸ்காரங்க உங்களுக்காக நின்னுட்டு இருக்காங்க மாஸ்டரே. இறங்கற இடம் வந்துடுச்சு. நீங்களே இறங்கிடுங்க."

இறங்கிவிட்டேன். அதனால்தான் உங்கள் ஆட்கள் கதவை உடைக்க வேண்டியிருக்கவில்லை.

நீங்கள் இரண்டு தடவை கேட்டுவிட்டீர்கள், அம்மாவைக் கொல்ல நினைத்தது உண்டா என்று. இல்லை ஐயா. மாத்திரையை ஒன்றுகூடக் கூட்டியோ குறைத்தோ கொடுத்ததில்லை. அந்த விஷயத்தில் என்மேல் யாரும் ஒரு விரலை நீட்ட முடியாது. நான் செய்தது எல்லாம் அவளுக்கு ஓர் ஏற்பாடு செய்யத்தான். ஏற்பாடும் ஆகிவிட்டது. கடையைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

கடைசியாக ஒன்று. இன்று காலை தம்பி என்னைப் பார்க்க வந்தான். நீங்கள் மாடியில் இருந்தீர்கள். இந்தக் காவலர் கூடவே நின்றார், கேட்டுக்கொள்ளலாம். அம்மாவைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்திருந்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் தலை குனிந்து நின்றான், மடத்துப் பழக்கம். பிறகு சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒன்றை எடுத்துப் பிரித்தான். மெஷின் எண்ணெய் ஊறிக் கருத்துப்போன ஓர் அஞ்சலட்டை. சோதனைக்கு வந்தவர்கள் மெஷினை நகர்த்தியபோது கிடைத்ததாம்.

"ஒரு வார்த்தை எழுதக்கூட வேணாம்ணா," என்றான். "வெறும் அட்டையைத் தபால்ல போட்டிருந்தாலே அன்னைக்கே ஓடி வந்திருப்பேனே."

அவன் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தான். என்னைவிட இளைத்திருந்தான். என் அளவு சட்டை அவனுக்குத் தொளதொளவென்று இருந்தது. தோள்பட்டையில் பிடித்துத் தைக்க வேண்டும் என்று நினைத்தேன். அவனுக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. பதினோரு வருஷமாக அவனிடம் நான் மனசுவிட்டு ஒன்றுமே பேசவில்லை. வாக்குமூலத்தில் இதைச் சேர்க்க வேண்டுமா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

"நீ வந்திருப்பேன்னு தெரியும்டா," என்றேன். "அதனாலதான் போடலை."